ஏரி மண்ணை லோடு கணக்கில் கொடுக்கும் முன் ஒருமுறை சுட்டுப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோடை தொடங்கினால் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் ஒரு செய்தி தவறாமல் வருகிறது. இன்னின்ன ஏரிகளில் வண்டலும் களிமண்ணும் எடுத்துக்கொள்ளலாம், வட்டாட்சியரிடம் விண்ணப்பியுங்கள், கட்டணம் இல்லை என்று. 2024-ல் இந்த அனுமதியை ஆட்சியர் அலுவலகத்திலிருந்து வட்டாட்சியர் அளவுக்கு இறக்கியது நல்ல காரியம், விவசாயிகளுக்கும் மண்பாண்டம் செய்பவர்களுக்கும் அலைச்சல் குறையும். ஆனால் ஏரியின் பெயர், சர்வே எண், எத்தனை கனமீட்டர் என்பதெல்லாம் இருக்கிற அந்த அறிவிப்புகளில், அங்கே கிடப்பது என்ன மண் என்று ஒரு வரிகூட நான் பார்த்ததில்லை. அது பானைக்கு ஆகுமா, செங்கல்லுக்கு ஆகுமா, ஓட்டுக்கு ஆகுமா, வயலுக்கு மட்டும்தான் ஆகுமா என்று யாரும் சொல்வதில்லை, கேட்பதும் இல்லை.

நான் விருத்தாசலத்துக்காரன். செராமிக் படித்துவிட்டு சூளைகளிலும் பீங்கான் பட்டறைகளிலும் வேலை பார்த்தவன். களிமண் என்று பொதுவாகச் சொல்கிறோமே, அது அரிசி என்று சொல்வது மாதிரி. பொன்னியும் அரிசிதான், இட்லி அரிசியும் அரிசிதான், ஒன்றின் வேலையை மற்றது செய்யாது. நெய்வேலி, பண்ருட்டிப் பக்கத்தில் கிடைக்கும் வெள்ளைக் களிமண்ணில் கயோலினைட் என்ற கனிமம் அதிகம். சுத்தமான கயோலினைட்டில் சிலிக்கா 46.5 சதவீதம், அலுமினா 39.5 சதவீதம், மீதி 14 சதவீதம் கனிமத்தோடு பிணைந்த நீர். சுட்டால் வெள்ளையாக வரும், அதிக வெப்பம் தாங்கும். கரிசலில் இருப்பது மான்ட்மோரில்லனைட் வகை, தண்ணீரை உள்ளே இழுத்து ஊதிக்கொள்ளும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். நம் ஏரிகளில் இருப்பது பெரும்பாலும் இவை எல்லாம் கலந்த கலவை, கூடவே இரும்பு, சுண்ணாம்பு, உப்பு, மணல், அழுகிய இலைதழை. கலப்பு விகிதம் ஏரிக்கு ஏரி மாறும், ஒரே ஏரியில் வடகரைக்கும் தென்கரைக்கும் மாறும், மூன்றடி ஆழத்துக்கும் ஆறடி ஆழத்துக்கும் மாறும்.

இந்தக் கடைசி விஷயத்தைத்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஒரு கை மண்ணை எடுத்து ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு லேபுக்கு அனுப்பி, வந்த தாளை வைத்துக்கொண்டு "எங்கள் ஊர் மண் இப்படி" என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தத் தாள் அந்த ஒரு கை மண்ணைப் பற்றி மட்டும்தான் பேசும். முறையாகச் செய்வதென்றால் ஏரிப் பரப்பில் பல இடங்களில் குழி போட வேண்டும், ஒவ்வொரு குழியிலும் மண்ணின் நிறமோ பிசுபிசுப்போ மாறும் ஒவ்வொரு அடுக்கையும் தனியாக எடுக்க வேண்டும். ஒரே அடுக்கின் மண்ணை எல்லாக் குழிகளிலிருந்தும் ஒன்றாகக் கொட்டிக் கலந்து, குவியலாக்கி, நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளிவிட்டு, மிச்சத்தை மறுபடி கலந்து மறுபடி பிரித்து, கடைசியில் நிற்கும் சில கிலோதான் மாதிரி. இதற்கு இயந்திரம் எதுவும் வேண்டாம், மண்வெட்டியும் பொறுமையும் போதும். இந்த இடத்தில் சோம்பல் பட்டால் அதற்குப் பிறகு எவ்வளவு விலை உயர்ந்த கருவியில் சோதித்தாலும் வீண்.

அப்புறம் சோதனைகள். எல்லாம் செலவு பிடிக்கும் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். மண்பாண்டம் செய்யும் நம் வேளார்கள் மண்ணைக் கையில் உருட்டி, திரியாக்கி, விரலில் சுற்றி, வெடிக்கிறதா என்று பார்ப்பார்கள். அதே சோதனைக்கு ஸ்வீடன் நாட்டு அறிவியலாளர் அட்டர்பெர்க் 1911-ல் எண்கள் கொடுத்தார், பிறகு பொறியாளர் காசகிராண்டே அதற்கு ஒரு கருவி அமைத்தார். மண்ணை 3 மில்லிமீட்டர் திரியாக உருட்டும்போது எந்த ஈரத்தில் உடைய ஆரம்பிக்கிறதோ அது ஒரு எல்லை, எந்த ஈரத்தில் கூழாகி ஓட ஆரம்பிக்கிறதோ அது இன்னொரு எல்லை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் குழைவுத்தன்மை எண். வித்தியாசம் ரொம்பக் குறைவாக இருந்தால் சக்கரத்தில் நிற்காது. ரொம்ப அதிகமாக இருந்தால் நன்றாக வளையும், ஆனால் காயும்போது சுருங்கி வெடிக்கும்.

சுருக்கம் பார்ப்பது இன்னும் எளிது. ஈரமண்ணில் ஒரு பட்டை செய்து அதன் மேல் 10 சென்டிமீட்டருக்குக் கோடு கீறுங்கள், நிழலில் காயவிட்டு அளந்து பாருங்கள், சுட்ட பிறகு மறுபடி அளந்து பாருங்கள். 9.2 என்று வந்தால் 8 சதவீதம் சுருக்கம். இந்த ஒரு எண் தெரிந்திருந்தால் அச்சை எவ்வளவு பெரிதாகச் செய்ய வேண்டும், மணலோ உமியோ வெந்த மண்தூளோ எவ்வளவு கலக்க வேண்டும் என்று முன்னாலேயே முடிவு செய்யலாம். இது தெரியாமல் ஒரு சூளைக்கு இன்னும் சுடாத பச்சைச் செங்கல்லை அறுத்து அடுக்கிவிட்டுப் பிறகு விரிசலை எண்ணிக்கொண்டு நிற்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கூலி போனது, விறகு போனது, எல்லாவற்றுக்கும் மேலாக ஏரியிலிருந்து எடுத்த மண் போனது. அது திரும்ப வராது.

சுட்டுப் பார்ப்பதுதான் எனக்கு மிக முக்கியமான சோதனை. ஒரே மண்ணில் செய்த சின்னக் கட்டிகளை 900, 1000, 1100, 1200 டிகிரி என்று நான்கு வெப்பத்தில் சுட வேண்டும். ஒவ்வொன்றிலும் நிறம், சுருக்கம், தட்டினால் வரும் சத்தம், தண்ணீரில் 24 மணி நேரம் ஊறவைத்தால் எவ்வளவு நீர் குடிக்கிறது என்று குறிக்க வேண்டும். சாதாரணச் செங்கல் 20 சதவீதம் வரை நீர் குடிக்கலாம் என்று இந்தியத் தரநிர்ணயம் சொல்கிறது. சுவரில் ஒட்டும் டைல் 10 சதவீதத்துக்கு மேல் குடிக்கும் வகை, தரையில் போடும் விட்ரிஃபைடு டைல் அரை சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆக நான்கு கட்டிகளைத் தண்ணீரில் போட்டு எடுத்தாலே அந்த மண் எந்தத் தொழிலின் வாசலில் நிற்கிறது என்று தோராயமாகத் தெரிந்துவிடும். 1000 டிகிரியில் கல் மாதிரி இருந்து 1100-ல் உருகி வழிந்துவிட்டால் அதில் இரும்பும் காரங்களும் அதிகம், அதைப் பீங்கானுக்குக் கொண்டுபோகாதீர்கள். 1200-லும் வெள்ளையாக, இன்னும் நீர் குடித்துக்கொண்டே இருந்தால் அதை நாட்டுச் செங்கல் சூளையில் போடுவது பாவம், அது அதிக வெப்பம் தாங்கும் தீச்செங்கல்லுக்கும் பீங்கானுக்கும் போக வேண்டிய மண். குவார்ட்ஸ் மணல் அதிகம் உள்ள மண் 573 டிகிரியைத் தாண்டும்போது திடீரென விரியும், ஆறும்போது திடீரெனச் சுருங்கும். சூளையைச் சீக்கிரம் பிரித்தால் மயிரிழை விரிசல் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். அனுபவசாலிகள் சூளையை அவசரப்பட்டுப் பிரிக்க விடமாட்டார்கள், அவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.

சுண்ணாம்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீடு கட்டுகிறவர்களை நேரடியாகப் பாதிப்பது இதுதான். நம் பக்கத்து ஏரிகளில், குறிப்பாகக் கரிசல் ஓரங்களில், களிமண்ணுக்குள் சுக்கான்கல் என்ற சுண்ணாம்புக் கல் சின்னச் சின்ன உருண்டையாகக் கிடக்கும். பச்சைக் கல்லில் அது கண்ணுக்குத் தெரியாது. சூளையில் 900 டிகிரி சூட்டில் அது சுட்ட சுண்ணாம்பாக மாறிவிடும், கல் பார்க்க அருமையாகச் சிவந்து இருக்கும். சுவர் எழுப்பிய பிறகு மழைநீரோ காற்றின் ஈரமோ பட்டதும் உள்ளே இருக்கும் சுண்ணாம்பு நீர் குடித்து ஊதி, கல்லின் முகத்தைப் பெயர்த்துக்கொண்டு வெளியே வரும். கொத்தனாரைத் திட்டுவார்கள், சிமென்ட் கம்பெனியைத் திட்டுவார்கள். மண்ணை யாரும் நினைப்பதில்லை. எடுக்கும்போதே கொஞ்சம் மண்ணில் நீர்த்த அமிலம் நாலு சொட்டு விட்டிருந்தால் நுரைத்துக் காட்டியிருக்கும். மண்ணைச் சலித்திருந்தால், அல்லது நன்றாக அரைத்திருந்தால் பெரும்பாலான சேதம் தவிர்ந்திருக்கும். கல்லின் மேல் வெள்ளையாகப் பூக்கும் உப்பான உவரும் அப்படித்தான். கல்லின் ஒரு முனையை ஓர் அங்குலத் தண்ணீரில் நிறுத்தி, தண்ணீர் முழுதும் ஏறி உலர்ந்த பிறகு மறுபடி ஒருமுறை அதே மாதிரி செய்தால், வெள்ளை பூக்கிறதா என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ளலாம்.

இதற்கு மேலே போனால்தான் செலவு. ரசாயனப் பகுப்பாய்வு, எக்ஸ் கதிர் மூலம் கனிமங்களை அடையாளம் காண்பது, சூடேற்றிக்கொண்டே எடை குறைவதைக் கவனிப்பது எல்லாம் வரும். எல்லா ஏரி மண்ணுக்கும் இது தேவையில்லை. சுட்டுப் பார்த்ததில் தேறியவற்றுக்கு மட்டும் செய்தால் போதும். நம் மாவட்டத்திலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நிலவியல் துறை இருக்கிறது, சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தில் செராமிக் படிப்பு இருக்கிறது, விருத்தாசலத்தில் செராமிக் டிப்ளமா சொல்லித்தரும் அரசு நிறுவனமே இருக்கிறது. முதல் கட்டச் சோதனைகளுக்கோ இவர்கள்கூட வேண்டாம். ஒவ்வொரு பாலிடெக்னிக்கிலும் பொறியியல் கல்லூரியிலும் சிவில் துறையில் மண் ஆய்வுக்கூடம் இருக்கிறது, காசகிராண்டே கருவி இருக்கிறது, சல்லடை இருக்கிறது, அடுப்பு இருக்கிறது. மாணவர்கள் வருடா வருடம் ஆய்வுக்கூடத்து மூலையில் கிடக்கும் அதே மூட்டை மண்ணை எடுத்து, அதே சோதனையைச் செய்து, அதே எண்ணை ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள். அந்த மூட்டைக்குப் பதிலாக அந்த வட்டத்து ஏரி ஒன்றின் மண்ணைக் கொடுங்கள். செலவு கூடாது, மாணவனுக்கும் தான் செய்வது யாருக்கோ பயன்படுகிறது என்ற எண்ணம் வரும், சில வருடங்களில் ஒரு மாவட்டத்தின் களிமண் வரைபடம் தானாகச் சேர்ந்துவிடும்.

மண்ணின் குணத்தை எழுதிய இந்தச் சோதனைத் தாள் இல்லாததால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். விருத்தாசலத்தில் அகல் விளக்கும் பொம்மையும் பிளாஸ்டர் அச்சில் ஊற்றிச் செய்யும் சின்னப் பட்டறைகள் எத்தனையோ இருக்கின்றன. அச்சில் ஊற்றும் குழம்பு தண்ணீர் குறைவாகவும் இருக்க வேண்டும், ஓடவும் வேண்டும். அதற்கு சோடியம் சிலிகேட் மாதிரி ஏதாவது ஒன்றைத் துளி அளவு சேர்ப்பார்கள். மண்ணில் கரையும் உப்பு கொஞ்சம் கூடிவிட்டால் அந்தக் குழம்பு கட்டியாகி நின்றுவிடும், அன்றைய வேலை அதோடு சரி. அதனால் பட்டறைக்காரர் ஒரு நாளும் தெரியாத மண்ணைத் தொடமாட்டார். கேரளத்துத் தோன்னக்கல், குண்டரா கயோலின் என்ற வெள்ளைக் களிமண்ணோ, ராஜஸ்தானத்து பிகானேர் பால் கிளே (ball clay) என்ற குழைவு மிகுந்த களிமண்ணோ வேண்டும் என்றால், அலுமினா எவ்வளவு, இரும்பு எவ்வளவு, வெண்மை எவ்வளவு என்று எழுதிய தாள் அதற்கு இருக்கிறது. இங்கே கூப்பிடு தூரத்தில் கிடக்கும் மண்ணுக்குத் தாள் இல்லை. லாரி வாடகை கூடுதல் என்றாலும் தாள் உள்ள மண்ணைத்தான் வாங்குவார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே தோண்டி எடுக்கும் மண்ணில் வெள்ளைக் களிமண் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், ஒரு காலத்தில் அங்கே களிமண் கழுவும் ஆலையே நடந்தது. அந்த மண்ணை அடுக்கு வாரியாகப் பிரித்து வைத்து, தரம் எழுதி, சின்னப் பட்டறைகளுக்குக் கொடுக்க ஒரு வழி செய்தால் இந்தப் பகுதிக்கே புது உயிர் வரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்னொரு வாய்ப்பும் இப்போது வந்திருக்கிறது. பீங்கானுக்கு ஆகாது என்று தள்ளப்பட்ட, இரும்பு கலந்து சிவந்த கயோலின் மண்ணைக்கூட 700 முதல் 850 டிகிரியில் சுட்டுத் தூளாக்கி, சுண்ணாம்புக்கல் தூளோடு சேர்த்து சிமென்ட்டில் கலக்கலாம். எல்சி3 என்று சொல்கிறார்கள். சுவிட்சர்லாந்து ஆராய்ச்சியாளர்களோடு நம் சென்னை, டெல்லி, மும்பை ஐஐடிகளும் சேர்ந்து இதில் உழைத்திருக்கின்றன, 2023-ல் இதற்கு இந்தியத் தரநிர்ணயமும் வந்துவிட்டது. எல்சி3-ன் வழக்கமான கலவையில் பாதி சிமென்ட்டின் மூலப்பொருளான கிளிங்கர், 30 சதவீதம் சுட்ட களிமண், 15 சதவீதம் சுண்ணாம்புக்கல், 5 சதவீதம் ஜிப்சம். கிளிங்கர் செய்ய 1450 டிகிரி சூடு வேண்டும், களிமண்ணுக்கு அதில் ஏறக்குறைய பாதிதான். கரியமில வாயு 40 சதவீதம் வரை குறையும் என்று கணக்கிடுகிறார்கள். நிபந்தனை ஒன்றுதான், மண்ணில் கயோலினைட் சுமார் 40 சதவீதமாவது இருக்க வேண்டும். பக்கத்து அரியலூர் மாவட்டம் முழுக்க சுண்ணாம்புக்கல்லும் சிமென்ட் ஆலைகளும். நம் பக்கத்தில் கயோலின் மண். எந்த ஊர் மண்ணில் 40 இருக்கிறது, எதில் 20 இருக்கிறது என்று சொல்லத் தாள் வேண்டாமா? கரிசலைப் பற்றியும் ஒரு வார்த்தை. வார்ப்பட அச்சு மணலைப் பிணைக்கும் பென்டோனைட் களிமண்ணும் கரிசலும் ஒரே குடும்பம்தானே, கோவை வார்ப்பட ஆலைகள் குஜராத்தின் கட்ச் பகுதியிலிருந்து வாங்குவதை நாமே கொடுக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். அந்த ஆசை வேண்டாம். கரிசலில் மணலும் சுண்ணாம்பும் அதிகம், அது பருத்திக்கும் சோளத்துக்கும்தான் தங்கம். இதையும் சோதனைதான் சொல்லும், மண்ணைத் தோண்டாமல் இருக்கவும் சோதனை உதவும்.

இங்கே ஒரு நியாயமான எதிர்ப்பு வரும் என்று தெரியும். மண்ணைச் சோதித்து "இது உசத்தி" என்று எழுதி வைத்தால் மறுநாளே பொக்லைன் வந்து நிற்கும், ஊரே பள்ளமாகும் என்பார்கள். கோவை தடாகம் பள்ளத்தாக்கில் செம்மண்ணுக்காக அளவில்லாமல் தோண்டியதையும், 2021-ல் நூற்றுக்கும் மேற்பட்ட செங்கல் சூளைகள் மூடப்பட்டதையும் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் வருவது இயல்பு. எனக்கும் அந்தப் பயம் உண்டு. ஆனால் தடாகத்தைத் தாளா பள்ளமாக்கியது? எவ்வளவு ஆழம் வரை களிமண், அதற்குக் கீழே என்ன, நிலத்தடி நீர் எங்கே என்று யாரும் எழுதி வைக்காமல், எடுத்தவன் எடுத்த வரைக்கும் என்று விட்டதால்தான் அந்த நிலை வந்தது. சோதனை முடிவோடு அடுக்கின் கனமும் ஊர்ப் பலகையில் எழுதப்பட்டிருந்தால், அதில் எழுதிய ஆழத்துக்கு மேல் தோண்டுகிறவனை ஊர்க்காரன் கையோடு பிடிக்க முடியும். நெல் விளையும் நிலத்தின் மேல்மண்ணைச் சூளைக்கு விற்கும் விவசாயிக்கும் அந்த மண் உண்மையில் செங்கல்லுக்கு லாயக்கா என்று தெரிந்திருந்தால், பாதிப் பேர் விற்கவே மாட்டார்கள். செங்கல்லுக்கான இந்திய வழிகாட்டுதல் களி 20 முதல் 30 சதவீதம், வண்டல் 20 முதல் 35, மணல் 35 முதல் 50 இருக்க வேண்டும் என்கிறது. மண்ணை ஒரு கண்ணாடி ஜாடியில் தண்ணீரோடு குலுக்கி ஒரு நாள் வைத்தாலே படிந்த அடுக்குகளைப் பார்த்துத் தோராயமாகச் சொல்லிவிடலாம்.

மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. எல்லோரும் சந்தோஷப்பட்டோம். அங்கே செய்யும் கடம் என்ற இசைக்கருவியின் நாதத்துக்குக் கைப்பக்குவம் எவ்வளவு காரணமோ அவ்வளவு அந்த வட்டாரத்து மண்ணும் காரணம், அதனால்தான் ஊர்ப் பெயரில் குறியீடு கொடுக்கிறார்கள். அந்த மண் எந்தெந்தக் கண்மாயில் எந்த அடுக்கில் இருக்கிறது என்று அளந்து, அந்த அடுக்கை மண்பாண்டத்துக்கு மட்டும் என்று ஒதுக்கி வைக்காவிட்டால், பத்திருபது வருடத்தில் குறியீடு இருக்கும், மண் இருக்காது.

அரசுக்கு என் வேண்டுகோள் பெரியதல்ல. 2015 பிப்ரவரியில் மத்திய அரசு சைனா கிளே என்ற கயோலின், பால் கிளே, தீக்களிமண் உட்பட 31 கனிமங்களைச் சிறு கனிமங்கள் என்று அறிவித்ததிலிருந்து களிமண் விதிகள் மாநிலத்தின் கையில்தான் இருக்கின்றன, டெல்லியைக் கேட்கத் தேவையில்லை. களிமண் எடுக்க வட்டாட்சியர் கொடுக்கும் அனுமதியோடு அந்த ஏரியின் மாதிரி ஒன்று அருகில் உள்ள பாலிடெக்னிக்குக்குப் போக வேண்டும். குழைவு எண், சுருக்கம், சுட்ட நிறம், நீர் உறிஞ்சல், சுண்ணாம்பு, உவர், இந்த ஆறும் ஒரே பக்கத்தில் தமிழில் எழுதப்பட்டு ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டப்பட வேண்டும். ஏழை வேளாருக்கு இதற்கு ஒரு ரூபாய்கூடக் கட்டணம் இருக்கக் கூடாது, சோதனை முடியும் வரை அவர் காத்திருக்கவும் கூடாது. அவருக்கு மண் எடுக்கும் உரிமை முதலில், தாள் பிறகு வரட்டும். சூளைக்கும் ஆலைக்கும் லாரியில் எடுப்பவர்களுக்குத் தாள் இல்லாமல் மண் இல்லை என்று வைக்கலாம். கடலூர் மாவட்டத்தில் ஒரு வட்டத்தில் மட்டும் வரும் கோடையில் தொடங்கிப் பாருங்கள். விருத்தாசலம் வட்டமாக இருந்தால் முதல் ஏரிக்குக் குழி போடவும் மாதிரி பிரிக்கவும் நான் சம்பளம் இல்லாமல் வருகிறேன், என்னைப் போல ஓய்வில் இருக்கும் செராமிக்காரர்கள் இன்னும் சிலரையும் அழைத்து வருகிறேன்.

இப்படிக்கு,
செராமிக் தொழிலில் இருந்து ஓய்வு பெற்ற வாசகர்,
விருத்தாசலம்.